நாற்காலி யாருக்கு?

பட்டு மாளிகை! பெயரே அப்படித்தான் சூட்டியிருக்கிறார்கள். ஆறு அடுக்கு. அடுக்குக்கு ஆயிரம் விளக்கு. வாயிலில் கைகூப்பி நிற்கும் பொம்மை ஒன்று. அந்தப் பொம்மைக்கு அருகே, பொம்மையைப் போலவே நிற்கப் பழக்கப்பட்ட பெண் ஒருத்தி. தோழர் ஒருவர் இல்லத்துச் சுயமரியாதைத் திருமணத்துக்காகப் புடவை எடுக்கச் சென்றிருந்தோம். மூன்றாம் அடுக்கில் நமக்கு நாற்காலி போட்டார்கள். குளிர்ந்த நீர் தந்தார்கள். "உட்காருங்கம்மா, உட்காருங்கய்யா" என்று உபசரித்தார்கள். உட்கார்ந்தோம்.

எதிரே நின்றாள் அந்தப் பெண். இருபது வயதிருக்கலாம். பேச்சிலே நெல்லைச் சீமையின் வாடை. ஒன்றன்பின் ஒன்றாக நாற்பது புடவைகளாவது விரித்திருப்பாள். விரித்தது பிடிக்கவில்லை, மடித்தாள். கேட்ட நிறம் மேல்தட்டில் இருந்தது. ஏணியில் ஏறினாள், இறங்கினாள். மாமியாராகப் போகிறவருக்குக் கரை பிடித்தால் மணமகளுக்கு உடல் பிடிக்கவில்லை. உடல் பிடித்தால் விலை பிடிக்கவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு உண்டா? இல்லை! உதட்டிலே இட்ட சிரிப்பு இட்டபடியே இருந்தது. காலை மட்டும், மாற்றி மாற்றி, ஒன்றின்மேல் ஒன்றை வைத்துக்கொண்டாள்.

"நீயும் உட்காரம்மா. நாங்கள் பேசி முடிவு செய்ய நேரமாகும்" என்றோம்.

"பரவாயில்லைங்கய்யா" என்றாள்.

மீண்டும் சொன்னோம். அப்போது அவள் கண்கள் மேலே சென்றன. ஆண்டவனை நோக்கி அல்ல. கூரையிலே கறுப்புக் கண்ணாடி உருண்டை ஒன்று தொங்கிற்று, அந்தக் காமிராவை நோக்கி.

"எத்தனை மணிக்கு வந்தாய்?"

"ஒன்பதரைக்குங்கய்யா."

"எப்போது போவாய்?"

"சீசன் நேரம். பத்து ஆயிரும்."

"கால் வலிக்காதா அம்மா?"

"பழகிப்போச்சுங்கய்யா."

பழகிப்போயிற்று! நம்மை இந்தக் கட்டுரை எழுதத் தூண்டியது இந்த ஒரு சொல்தான். எத்தனை தலைமுறையாக இந்த நாட்டில் ஒலிக்கும் சொல் இது! தெருவில் நடக்காதே என்றார்கள், பழகிப்போயிற்று. தோளில் துண்டு போடாதே என்றார்கள், பழகிப்போயிற்று. தனிக் குவளை வைத்தார்கள், அதுவும் பழகிப்போயிற்று. மனம் பழகிவிட்டது, மெய்தான். ஆனால் உடல் பழகிற்றா? நாம் கேட்பது அதைத்தான். மனம் மறைக்கும் பொய்யை உடல் மறைப்பதில்லை. கணக்கு எழுதி வைத்துக்கொண்டு, முப்பத்தைந்தாம் வயதில் வட்டியும் முதலுமாகக் கேட்கிறது.

ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. அவள் விரித்தது காஞ்சிபுரத்துப் பட்டு. அந்தக் காஞ்சியிலே பெருமாளுக்கு மூன்று கோலம் உண்டு என்பர் பக்தர்கள். உலகளந்தவராக நிற்கிறார், பாண்டவதூதராக அமர்ந்திருக்கிறார், யதோக்தகாரியாகப் படுத்திருக்கிறார். கல்லாலும் சுதையாலும் செய்த உருவம், அதற்குக் கால் கடுக்கும் என்று கருதி, நிற்கவும் இருக்கவும் கிடக்கவும் இடம் அமைத்தார்கள்! நண்பகலில் நடை சாத்துவார்கள், ஓய்வு கொள்ளட்டும் என்று. இரவில் பள்ளியறைக்குத் தாலாட்டும் உண்டு. அதே ஊர்ப் பட்டை விற்கும் பெண்ணுக்கோ ஒரே கோலம், நின்ற திருக்கோலம்! குருதியும் நிணமும் கொண்ட கால் அது. குத்தினால் வலிக்கும் கால். அதற்கு நடை சாத்துவார் இல்லை.

நிற்பதால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர் உளர். விளக்குவோம். இதயம் இரத்தத்தைக் கீழே தள்ளுவது எளிது. பாதத்துக்குப் போன இரத்தம் நான்கடி உயரம் மேலேறி இதயத்துக்குத் திரும்ப வேண்டுமே, அதுதான் அரிது. அந்த வேலையைச் செய்வது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அத்தசை சுருங்கி விரிந்து, இறைவை போல இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறியது இறங்காதபடி சிரைகளினுள்ளே சிறு கதவுகள் தடுக்கின்றன. இதனாலேயே கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று மருத்துவர் கூறுவர். அசையாது நிற்கும்போது இந்த இறைவை ஓடுவதில்லை. கணுக்காலிலுள்ள சிரையின் அழுத்தம், பாதரச அளவில் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் வரை ஏறுகிறது. நடந்தால் அது மூன்றில் ஒரு பங்காக இறங்கும். ஊர் முழுதும் நடக்கும் தபால்காரருக்குக் கால் அயரும். ஆனால் இறைவை ஓடுகிறது. நான்கடி இடத்தில் நாளெல்லாம் நட்டு வைத்த கம்பமாய் நிற்பவருக்கு அந்த உதவியும் இல்லை. நீர் கீழே கசிகிறது, பாதம் வீங்குகிறது, காலையில் கழன்று விழுந்த செருப்பு மாலையில் காலைக் கவ்விக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் சிறு கதவுகள் தளர்கின்றன. சிரை புடைத்து, நீலம் பாரித்து, மண்புழுவைப் போல் சுருள்கிறது. "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று நம் தாய்மார் சொல்வது இதைத்தான். சுருள்வது நரம்பன்று, இரத்தக் குழாய். பெயரில் பிழை இருந்தாலும் வலியில் பிழையில்லை. முற்றினால் கணுக்காலருகே ஆறாப் புண்.

இது நம் கற்பனையன்று. டென்மார்க்கு நாட்டில் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, வேலை நேரத்தில் முக்காற்பங்குக்கு மேல் நின்றோ நடந்தோ கழிப்பவர் இந்நோய்க்காக மருத்துவமனையில் சேர்வது மற்றவரைவிட ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மடங்கு என்று கண்டது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 7,000-க்கு மேற்பட்ட உழைப்பாளரை 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். பெரும்பாலும் நின்றே செய்யும் வேலையில் உள்ளவருக்கு, உட்கார்ந்து வேலை செய்பவரைக் காட்டிலும் இதயநோய் ஏறத்தாழ இரு மடங்கு வந்தது. கால்தானே என்று எண்ணினோம். இதயத்தில் போய் நிற்கிறது!

இன்னொன்றும் உண்டு. எழுதக் கூசுவர், நாம் கூசவில்லை. அந்தப் பெண் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் இல்லாமலா? கழிவறைக்குப் போக மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். போய்வந்த நேரத்தைக் கணக்கிடுவார்கள். சில கடைகளில் ஆறடுக்குக்கும் சேர்த்து ஒரே மூலையில்தான் பெண்களுக்கு இடம். ஆகவே நீரைக் குறைத்துக்கொள்கிறாள். நீர்க்கடுப்பு வருகிறது. வந்ததையும் சொல்வதில்லை, மாதவிலக்கு நாளின் வேதனையைச் சொல்லாதது போல. சொன்னால் "வீட்டுக்குப் போ" என்பார்கள். வீட்டுக்குப் போனால் அன்றைய சம்பளம் போகும்.

அயர்வு காலோடு நிற்பதாயிருந்தால் எண்ணெய் தடவிச் சரிசெய்துகொள்ளலாம். அது மனத்துக்குள் ஏறுகிறது. "மன அழுத்தம்" என்றவுடன் நம் இதழ்கள் எவர் படத்தைப் போடுகின்றன? கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து, தலையில் கைவைத்து அமர்ந்திருக்கும் மேலாளர் படத்தை! பொறுப்பு மிகுந்தவருக்கே கவலை மிகும், கவலை மிகுந்தவருக்கே நெஞ்சு வலிக்கும் என்பது நெடுநாள் நம்பிக்கை. இலண்டனில் அரசு அலுவலகங்களில் பணிபுரிந்த 17,000-க்கு மேற்பட்ட ஆடவரை 1967 முதல் ஆராயத் தொடங்கினார்கள். ஒயிட்ஹால் ஆய்வு என்று பெயர். கண்டது என்ன? உச்சியில் இருந்த அதிகாரியைவிட அடியில் இருந்த ஏவலர், இதயநோயால் மாள்வது மும்மடங்கு! புகை பிடிப்பது, கொழுப்பு, இரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார்கள். அப்போதும் வேறுபாட்டின் பெரும்பகுதி மறையவில்லை. பின்னர் 1985-இல் தொடங்கிய இரண்டாம் ஆய்வு காரணத்தை நெருங்கிற்று. தன் வேலையைத் தானே நடத்தும் உரிமை எவருக்குக் குறைவோ, அவருக்கு இதயநோய் மிகுதி.

படிப்பவர் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். (உட்கார்ந்தே நில்லுங்கள்!) ஏவுகிறவனுக்கு வரும் என்று நினைத்த நோய் ஏவப்படுகிறவனுக்கு வருகிறது. எப்போது எழலாம், எப்போது அமரலாம், எப்போது நீர் அருந்தலாம், எப்போது முகத்தைச் சுளிக்கலாம் என்ற இந்தச் சிறு சிறு உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டால், மிஞ்சுவது வெறும் கால்வலியன்று. அடிமைக்கு வரும் நோய் அது. சாதிக்கும் சனாதனத்துக்கும் எதிராக நாம் ஏடுகளில் எழுதிய செய்தியை, இரத்தக் கொதிப்புக் கருவியில் அளந்து காட்டிவிட்டார்கள் வெள்ளை மருத்துவர்கள்.

ஏன் நிற்க வைக்கிறார்கள்? இதைக் கேட்டால் கடை முதலாளி கூறும் விடை: "வாடிக்கையாளர் வரும்போது சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இராதே!" மரியாதை! இந்தச் சொல்லைத்தான் நாம் உரித்துப் பார்க்க வேண்டும். உட்கார்ந்துகொண்டு புடவை விரித்தால் பட்டு வெளுக்குமா? பணம் வாங்கும் மேசைக்குப் பின்னால் முதலாளி, சிங்காதனம் போன்ற நாற்காலியில் காலை நீட்டி அமர்ந்திருக்கிறாரே, அது எவருக்கும் அவமரியாதை இல்லையா? வங்கியில் எழுத்தர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். மருத்துவர் உட்கார்ந்துதான் நாடி பார்க்கிறார். அவர்களிடம் நமக்கு மரியாதை குறைந்ததா? கடைப்பெண் உட்கார்ந்தால் மட்டும் குறைகிறது என்றால், குறைவது வியாபாரமன்று, வேறொன்று.

அந்த வேறொன்றைத் தேட நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. பண்ணையார் திண்ணையில் சாய்ந்திருப்பார். பண்ணையாள் முற்றத்தில் துண்டை இடுப்பில் கட்டி நிற்பான். மழை பெய்தாலும் நிற்பான், காய்ச்சலடித்தாலும் நிற்பான். அமர்வது ஆண்டையின் உரிமை, நிற்பது அடிமையின் அடையாளம் என்பது இந்நாட்டின் எழுதாச் சட்டமாக இருந்தது. பழங்கதை என்பீர்களோ? 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சியின் தலைவர், மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பெண், கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டார். உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அவர் ஆதிதிராவிடர். படம் வெளிவந்தது, நாடு பார்த்தது, கைதுகள் நடந்தன. தலைவருக்கே நாற்காலி இல்லையென்ற ஊரில், தலைமாட்டில் நிற்கும் சிப்பந்திக்கா தருவார்கள்? அங்கே தரையில் உட்கார வைத்தார்கள். இங்கே உட்காரவே விடவில்லை. முறை வேறு, மூலம் ஒன்றே. திண்ணை இடிந்துபோயிற்று; ஆண்டையின் பழக்கம் கண்ணாடிக் கதவுக்குள் குடிபுகுந்து, அதற்கு "கஸ்டமர் சர்வீஸ்" என்று பெயரும் வைத்துக்கொண்டது.

சட்டம் இல்லையா? இருக்கிறது, அதன் கதையும் சுவையானது. இங்கிலாந்தில் 1899-இலேயே கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தரும் சட்டம் இயற்றினார்கள். பெண் சிப்பந்தி மூவருக்கு ஓர் இருக்கை! மூவருக்கு ஒன்றென்பது கஞ்சத்தனம்தான். ஆயினும் விக்டோரியா அரசி உயிரோடிருந்த காலத்தில் அது வந்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, நின்று வேலை செய்ய நேர்ந்தவருக்கு உட்கார வசதி வேண்டும் என்றது. அது ஆலைக்கு. கடைக்கு? 1947-இல் சென்னை மாகாணம் இயற்றிய கடைகள் நிறுவனங்கள் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரம்பு கட்டியது, கால்களை மறந்துவிட்டது. மறதி நீடித்தது, ஓராண்டா, ஈராண்டா? எழுபத்து நான்கு ஆண்டுகள்!

நினைவூட்டியவர் அறிஞரும் அல்லர், அமைச்சரும் அல்லர். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையற்கடையில் வேலை செய்த விஜி என்னும் பெண்ணும் அவருடைய தோழியரும் "பெண்கூட்டு" என்று அமைப்புக் கண்டு போராடினார்கள். முதலில் அவர்கள் கேட்டது கழிவறை. பிறகு கேட்டது இருக்கை. கேலி செய்தார்கள், அவர்கள் ஓயவில்லை. 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதே வழியில் 22-அ என்னும் பிரிவைச் சேர்த்தது: ஒவ்வொரு நிறுவனத்திலும் ஊழியர் அனைவருக்கும் தக்க இருக்கை வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் அமரலாம். மூவருக்கு ஒன்று அல்ல, அனைவருக்கும். பெண்ணுக்கு மட்டும் அல்ல, ஆணுக்கும். பாராட்டினோம். இன்றும் பாராட்டுகிறோம்.

ஆனால் பாராட்டிவிட்டுப் படுத்து உறங்க முடியுமா? நாம் சென்ற கடையில் மேற்பார்வையாளரைக் கேட்டோம். "சட்டப்படி ஸ்டூல் போட்டிருக்கிறோமே ஐயா!" என்றார், சற்றுப் புண்பட்டவராக. அழைத்துப்போய்க் காட்டவும் செய்தார். இருந்தது, மெய்தான். மேசையின் அடியில் இருந்தது. அதன்மேல் மூன்று அட்டைப்பெட்டி இருந்தது. பெட்டியின்மேல் தூசி இருந்தது. சட்டம் நாற்காலியைப் போட்டுவிட்டது. நாற்காலியில் ஆளைப் போடவில்லை. ஆய்வுக்கு வரும் அதிகாரி இருக்கைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு போகிறார். அவர் எண்ண வேண்டியது இருக்கைகளை அல்ல, இருப்பவர்களை.

இங்கே நம்மவர் சிலர் முகம் சுளிக்கக்கூடிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கால்களுக்கு இரங்கிச் சட்டம் செய்த அதே மன்றத்தில், 2023 ஏப்ரல் 21 அன்று, ஆலைத் தொழிலாளியை ஒரு நாளில் 12 மணி வரை வேலை வாங்க வழிசெய்யும் மசோதாவும் நிறைவேறிற்று! வாரத்துக்கு 48 மணிதான், விரும்புகிறவருக்குத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். விருப்பம்! நுகத்தடியை நீட்டி "விருப்பமிருந்தால் கழுத்தைக் கொடு" என்றால் எந்த மாடு மறுத்திருக்கிறது? வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நெசவாலை ஆடவருக்கு வெள்ளையர் வைத்த வரம்பு 12 மணி. 1922-இல் அது 11 ஆயிற்று. 1934-இல் 10 ஆயிற்று. அம்பேத்கர் வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்து முயற்சியால் 1946-இல் வாரத்துக்கு 48 மணி என்றாயிற்று. முப்பத்தைந்து ஆண்டு ஏறிய படிகளை ஒரே நாளில் இறங்குவதா? தொழிற்சங்கங்கள் கொதித்தன, தோழமைக் கட்சிகள் எதிர்த்தன, மூன்றாம் நாளே மசோதா நிறுத்திவைக்கப்பட்டது, மே முதல் நாள் திரும்பப் பெறப்பட்டதாக முதலமைச்சர் அறிவித்தார். சிங்காரவேலர் 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடிச் சரியாக நூறாண்டு நிறைந்த நாள் அது. திருந்தியதை மதிக்கிறோம். திருந்த நேர்ந்ததை மறக்கமாட்டோம். நம் வீட்டுப் பிள்ளை கிணற்றருகே போனால், நம் பிள்ளையாயிற்றே என்றா கைகட்டி இருப்போம்?

அதே ஆண்டு அக்டோபரில் ஒரு பெருநிறுவனத்தை உருவாக்கியவர், இந்நாட்டு இளைஞர் வாரத்துக்கு 70 மணி உழைக்க வேண்டும் என்று அறிவுரை வழங்கினார். 2025 தொடக்கத்தில் இன்னொரு பெருநிறுவனத் தலைவரின் பேச்சு வெளிவந்தது. அவருக்கு 70 போதவில்லை, 90 வேண்டுமாம். வீட்டில் இருந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேட்டாராம். சமைப்பவரும், துணி துவைப்பவரும், கார் ஓட்டுபவரும் உள்ள வீடு அவர் வீடு. நம் கடைப்பெண் போகும் இடம் விடுதி அறை.

உலக நலவாழ்வு நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். வாரத்துக்கு 55 மணிக்கு மேல் உழைத்ததன் விளைவாக, 2016 என்ற ஓராண்டில் மட்டும் மூளைத்தாக்கிலும் இதயநோயிலும் மாண்டவர் உலகில் 7,45,000 பேர். வாரத்துக்கு 35 முதல் 40 மணி வரை உழைப்பவரை நோக்க, 55 மணி உழைப்பவருக்கு மூளைத்தாக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 35 பங்கு மிகுதி. 55-க்கே இது! 90-க்கு யார் கணக்குப் போடுவது? சப்பானியர் இத்தகைய சாவுக்குத் தம் மொழியில் பெயரே வைத்துவிட்டார்கள், "கரோசி" என்று. வேலை மிகுந்து சாதல் என்பது பொருள். அதைத் தடுக்க 2014-இல் தனிச் சட்டமும் இயற்ற நேர்ந்தது. நாமோ பெயர் வைக்கவில்லை. "விதி முடிந்தது" என்று சொல்லிவிடுகிறோம். பஞ்சாங்கம் பார்த்து, சனி பிடித்தது என்கிறோம். பிடித்தது சனியா? பத்து மணி வரை பிடித்து வைத்தவர் எவர் என்று கேட்பதில்லை.

அயர்ந்தவனை மேலும் உழைக்க வைத்தால் ஆதாயமாவது உண்டா? அதுவும் இல்லை. செருமனியில் யேனா நகரின் கண்ணாடி வில்லை ஆலையில் ஏர்ன்ஸ்ட் அபே என்ற அறிஞர், 1900-இல் 9 மணி வேலையை 8 மணியாகக் குறைத்தார். உற்பத்தி குறையவில்லை, சற்றுக் கூடிற்று. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் வெடிமருந்து ஆலைகளிலும் நேரத்தைக் குறைத்தபோது இதையே கண்டார்கள். நூறாண்டுக்கு முன் மெய்ப்பிக்கப்பட்ட செய்தி, நம் முதலாளிமார் செவிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ஆஸ்திரேலியாவில் 1997-இல் செய்து காட்டிய சோதனை ஒன்றையும் கூற வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கையும் கண்ணும் தடுமாறுவது, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவர் தடுமாறுவதற்கு நிகர். நம் நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநருக்கு வரம்பு 30 மில்லிகிராம். நம் கடைப்பெண், விடுதியில் குளியலறை வரிசைக்காக ஐந்தரைக்கு எழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை அடைத்து, துணியை அடுக்கி, இரவு பத்தரைக்குச் சாலையைக் கடக்கும்போது 17 மணி நிறைகிறது. ஒரு சொட்டுக் குடிக்காமலே தள்ளாடுகிறாள். குடித்தவனைப் பிடிக்கச் சாலையில் காவலர் நிற்கிறார். இவளைத் தள்ளாட வைத்தவரைப் பிடிக்க எவரும் நிற்கவில்லை.

"அவர்களுக்கு இந்த வேலையாவது கிடைத்ததே" என்று பெருமூச்சு விடும் கருணையாளர்களும் உண்டு. தென்மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து பிள்ளைகளை அழைத்துவந்து, சோறும் இடமும் தந்து, மாதச் சம்பளமும் தருகிறாரே முதலாளி! ஆம், தருகிறார். தந்த சோற்றுக்குக் கால்களையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று எந்தப் பத்திரத்தில் இருக்கிறது? தொழிலாளி கூலியாக இருக்கக்கூடாது, தொழிலில் பங்காளியாக வேண்டும் என்றார் பெரியார். நாம் இப்போது பங்குகூடக் கேட்கவில்லை. ஒரு முக்காலி கேட்கிறோம்!

முதலாளியை மட்டும் ஏசிவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளவும் இயலாது. இரவு ஒன்பதரை மணிக்கு ஆடித் தள்ளுபடிக்கு ஓடுகிறவர் யார்? நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு "அடுத்த கடை பார்க்கலாம்" என்று எழுகிறவர் யார்? சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் "என்ன திமிர்!" என்று முணுமுணுக்கிறவர் யார்? மேடையில் சுயமரியாதை பேசிவிட்டுக் கடைக்குள் நுழைந்ததும் ஆண்டையாகிவிடுகிறோம். அன்று நாமும் அரைமணி நேரம் உட்கார்ந்துதான் இருந்தோம். நம் கண்ணில் அவள் நின்றது படவே அரைமணி ஆயிற்று.

கடைசியில் புடவை முடிவாயிற்று. மயில் கழுத்து நிறம், அரக்குக் கரை. மணமகள் எழுந்தாள். ஒன்றும் பேசாமல் தன் நாற்காலியைத் தூக்கி மேசைக்கு அப்பால் வைத்து, "பில் போடுகிறவரை உட்காருங்க அக்கா" என்றாள். அந்தப் பெண் மேலே பார்த்தாள், நம்மைப் பார்த்தாள், நுனியில் உட்கார்ந்தாள். இரண்டு நிமிடம் இருக்கும். மேற்பார்வையாளர் விரைந்து வந்தார். "கஸ்டமர் நிற்கிறாங்க, நீ உட்கார்ந்திருக்கியா?" என்றார். அவள் எழுந்துவிட்டாள். "நான்தான் உட்காரச் சொன்னேன். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது" என்றாள் மணமகள். அவர் நம்மிடம் சிரித்தார், அவளிடம் சிரிக்கவில்லை. புடவையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடலாமா என்று நமக்குத் தோன்றிற்று. போன வியாபாரத்தை அவள் பெயரில்தான் எழுதுவார்கள் என்று தோழர் காதோடு சொன்னார். வாங்கிக்கொண்டுதான் வந்தோம்.